திரைச்சீலை கட்டிய இடம்

சுபைறா அந்தப் பொருளைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது, என் மனைவி செல்லத்தங்கம் அதை இடியப்ப உரல் என்று நினைத்துவிட்டாள். அவிழ்த்தால் ஒரு ஹாட் டிஸ்க். கழுவித் துடைத்து வைத்திருந்தும் ஆணித் தலைகளில் இன்னும் துரு இருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் கடல் மணத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. மணக்கவில்லை. ஆனாலும் மணந்ததாகவே நான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன்.

நான் சாமித்தம்பி, காரைதீவு. தொலைபேசிக் கம்பத்தில் ஏறியும் இறங்கியும் உத்தியோக காலத்தைப் போக்கியவன். கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நான் ஏறாத கம்பம் ஒன்று நின்றால், அது நான் ஓய்வுபெற்ற பிறகு நட்டதாகத்தான் இருக்கும். பென்சன் எடுத்த மறுநாளே ஒரு கம்பியூட்டர் வாங்கினேன். கம்பத்தில் ஏறாமல் உலகத்தைக் கூப்பிடலாம் என்றால் சும்மா இருக்க மனம் வருமா? எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் குணம். செல்லத்தங்கம் என் பேச்சை மூன்றால் பிரித்துத்தான் கேட்பாள். வாசிக்கிற நீங்களும் அப்படியே செய்யலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிரிக்க வேண்டாம். அந்த இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

சுபைறா சாய்ந்தமருதுக்காரி, படம் பிடிப்பவள். அவளுடைய ஊர்க் கல்யாண வீடுகளில் குறுக்கே ஒரு திரைச்சீலை கட்டுவார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். ஆண்கள் பக்கத்தைப் பிடிக்கக் கமரா வைத்திருந்த எல்லோரும் போனார்கள். பெண்கள் பக்கத்துக்குச் சுபைறா ஒருத்திதான். கமராவைத் தூக்குவதற்கு முன்பு பெண்ணின் தாயிடம் ஒரு வாக்குக் கொடுப்பாள்: “இந்தப் படத்த ஒரு அந்நிய ஆம்புளைட கண்ணும் காணாது.” வாக்குக் கொடுத்தால் போதுமா, காப்பாற்ற வேண்டுமே. கட்டாரில் வேலை செய்த அவளுடைய தம்பி றஊப் ஒருநாள் டெலிபோனில் அவளைக் கம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி, இதை அமத்து, அதை அமத்து என்று சொல்லிச் சொல்லி, டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்க வைத்தான். முதல் பகுதியில் ஆண்கள் பக்கப் படங்கள், திறந்தபடி. இரண்டாவது பகுதியில் பெண்கள் பக்கப் படங்கள், பூட்டியபடி. பூட்டு என்றால் இரும்புப் பூட்டு இல்லை. படத்தைக் கணக்குப் போட்டுக் கலைத்து, கடவுச்சொல் தெரிந்தவருக்கு மட்டும் திரும்பச் சேர்த்துக் காட்டுகிற ஒரு மென்பொருள். காசில்லை. அதன் உள்வேலை முழுவதையும் யாரும் வாசிக்கலாம், திருத்தலாம். அந்த டெலிபோன் லைனை இழுத்தவன் நான். ஆகவே அந்தப் பூட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

பிறகு கடல் வந்தது. அதைக் கூட்டிச் சொல்ல என் வாய்க்கும் வரவில்லை.

அல்பங்கள் போயின. அல்பம் இருந்த அலுமாரிகள் போயின. அலுமாரி இருந்த வீடுகள் போயின. படங்களில் இருந்தவர்களில் பலர் போனார்கள். சுபைறாவின் கம்பியூட்டர் இடிந்த சுவருக்கடியில் கிடந்து வந்தது. அதைத் திருத்தக் கொடுத்த கடைக்காரர் நல்ல மனுசன். ஆண்கள் பக்கத்துப் படங்களை ஒன்று விடாமல் எடுத்து வேறொரு இடத்தில் பத்திரப்படுத்தினார். அதற்குப் பிறகு பார்த்தால், டிஸ்க்கில் பெரியதொரு வெறும் வளவு கிடந்ததாம். பூட்டிய பகுதி வெளியே இருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும், வெறும் குப்பையாக. இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே, பாவம் பிள்ளை என்று இரக்கப்பட்டு, நடுவிலிருந்த வேலியைப் பிடுங்கி எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொடுத்தார். அதற்குக் கூலியும் எடுக்கவில்லை.

ஆகவே ஆண்கள் திரும்பி வந்தார்கள். மாலை போட்ட மாப்பிள்ளைமார், சஹனைச் சுற்றிக் குந்தியிருந்து ஒரே தட்டத்தில் கைபோட்ட சகலன்மார், கட்டி வைத்த ஒரு ஆட்டுக்கடா கூட வந்தது. பெண் ஒருத்தி வரவில்லை. அந்தப் படங்களை மட்டும் பார்க்கிறவர்கள், அந்த ஊரில் மாப்பிள்ளைமார் தங்களுக்குள்ளேயே கல்யாணம் முடித்துக்கொண்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

“அண்ணன், இதத் திறக்கோணும்” என்றாள் சுபைறா.

“இவ்வளவு காலமும் எங்ககா வெச்சிருந்தாய்?” எங்கள் பக்கத்தில் ‘கா’ என்றால் அக்கா இல்லை, வாஞ்சையாக ஒட்டுகிற ஒரு சொல்.

“அரிசிப் பானைக்குள்ள.”

நான் காரணம் கேட்கவில்லை. சண்டைக் காலத்தில், பூட்டிய ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, ‘உள்ளே என்ன’ என்று கேட்கிறவர்களிடம், ‘உங்களுக்குக் காட்ட ஏலாது, உள்ளே பெண்கள் இருக்கிறார்கள்’ என்று சொல்லி மீள முடியுமா? கடல் வந்த ஐந்தாம் வருஷம் வைகாசியில் சண்டை முடிந்து, றோட்டில் மண்மூட்டைகள் மெல்ல மெல்லக் குறைந்த பிறகுதான் அவள் அரிசிப் பானையில் கைவிட்டிருக்கிறாள். அந்த மாதங்களில் எங்கள் பக்கத்திலும் காணாமல் போன பிள்ளைகளின் முகம் தேடிய தாய்மார் இருந்தார்கள். அவர்களுக்குத் திறந்து பார்க்க என்னிடம் ஒரு டிஸ்க்கும் இருக்கவில்லை.

“யாருக்குக்கா இப்ப அவசரம்?” என்று கேட்டேன்.

“அபுல் ஹஸன் காக்காவுக்கு.”

அபுல் ஹஸனைக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். தோணிக்காரர், உடம்பு பெரிது, குரல் சிறிது. ஹினாயாவைக் கல்யாணம் முடித்து ஒரு வருஷமும் நிறையவில்லை, கடல் அவளைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் இருந்த அல்பத்தையும் கொண்டுபோனது. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் வழியில் சுபைறாவின் படலையடியில் நிற்பாராம். “தங்கச்சி, திறந்திச்சா?” “இல்ல காக்கா.” “பரவால்ல, ஆறுதலாத் திறக்கட்டும்.” அவ்வளவுதான், போய்விடுவார்.

“போன வெள்ளிக்கிழம வேற மாதிரிக் கதைச்சார் அண்ணன்” என்று சொல்லிச் சுபைறா துவாயை மடித்தாள். “‘தங்கச்சி, அவள்ட முகம் வருகுதில்ல’ எண்டு செல்றார். ‘குரல் வருகுது. நடை வருகுது. வலப்பக்கக் கன்னத்து மச்சம் வருகுது. மச்சத்தச் சுத்தி ஒண்டும் வருகுதில்ல.’”

செல்லத்தங்கம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

அந்தப் பூட்டைச் செய்தவர்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அவர்கள் எல்லோரும் கூடிக் கதைக்கிற மின்னஞ்சல் குழு ஒன்று இருந்தது. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். அதில் இல்லாதவர்களும் வந்து வாசித்துவிட்டுப் போகலாம். திணைக்களத்தில் கற்ற ஆங்கிலம் முழுவதையும் அந்தக் கடிதத்தில் இறக்கினேன். இந்த டிஸ்க்கில் கிழக்கு மாகாணத்து மணப்பெண்கள் பன்னிரண்டாயிரம் பேர் அடைபட்டிருக்கிறார்கள், அவர்களுடைய விடுதலை உங்கள் கையில் என்று எழுதினேன். சுபைறாவிடம் வாசித்துக் காட்டியபோது அவள் சிரிப்பை முந்தானையால் மூடினாள். “அண்ணன், நான் புடிச்சது எழுவது எண்பது கல்யாணம்.” நான் எனக்குள் மூன்றால் பிரித்துப் பார்த்தேன். அப்படியும் கனக்கக் கூடத்தான் வந்தது. இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன்.

அந்தக் குழுவில் அப்போது ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் ஒருவர், பிரேசிலில் ஒருவர். பூட்டு திறக்காவிட்டால் பயனருக்கு என்ன செய்தி காட்டுவது என்பதுதான் வழக்கு. இருவரும் ஒருவர் எழுதிய கம்பியூட்டர் நிரலை மற்றவர் வரிவரியாகக் கிழித்தார்கள். எங்கள் மீன்சந்தையில் கூட அவ்வளவு சுத்தமாகக் கிழிக்க மாட்டார்கள். என் கடிதம் அதற்கு நடுவில் போய் விழுந்தது. சண்டை நின்றது. ஜெர்மன்காரர் மூன்றே வரியில் பதில் எழுதினார். எந்தப் பதிப்பு? டிஸ்க்கின் மொத்த அளவு என்ன? மூன்றாவது வரி: “படங்கள் எத்தனை என்பது தேவையில்லை. அதில் ஒன்றையும் எங்களுக்கு அனுப்ப வேண்டாம்.”

சுபைறாவுக்கு அதை மொழிபெயர்த்தேன்.

“அப்ப, இத உண்டாக்கின ஆக்களுக்கே இதத் திறக்க ஏலாதா?”

“ஏலாது. உன்ட கடவுச்சொல் இல்லாட்டி ஒருத்தருக்கும் ஏலாது. பூட்டு எப்படி வேலை செய்யுதெண்டு ஊரறிய எழுதி வெச்சிருக்காங்க, கள்ளனும் வாசிக்கலாம். வாசிச்சும் திறக்க ஏலாது.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று அவள் சொன்ன விதத்தைக் கேட்டால், டிஸ்க் திறந்தேவிட்டது என்று நினைப்பீர்கள். அவளுக்கு முக்காற் பயம் அங்கேதான் இருந்திருக்கிறது. இவ்வளவு நாளும் அவள் காத்தது டிஸ்க்கை அல்ல, அந்த வாக்கை.

விஷயம் இதுதான். பூட்டிய பகுதி அழியவில்லை. வேலியைப் பிடுங்கியதால் அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் தெரியவில்லை. தொடங்குகிற இடத்தில் சரியாக நின்று கடவுச்சொல்லைக் கொடுத்தால் திறக்கும். ஒரு அடி தள்ளி நின்றால் குப்பை. வழக்கமாக வேலி நிற்கிற இடங்களை எல்லாம் தேடச் சொன்னார்கள். இல்லை. அப்படியென்றால் டிஸ்க்கின் ஒவ்வொரு அடியிலும் நின்று கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்க்கிற ஒரு சின்ன நிரல் வேண்டும் என்று பிரேசில்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே எழுதினார். அதில் இருந்த பிழையை ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த விதத்தில் வேறொரு பிழை இருந்தது. அதை மூன்றாவது ஆள் ஒருவர் கண்டுபிடித்தார். அவருக்குப் பெயரில்லை. குழுவில் ‘நத்தை’ என்று கையெழுத்துப் போடுவார். எந்த நாடு, ஆணா பெண்ணா, கிழமா குமரா, ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தில்தான் மூன்றால் பிரிக்க வேண்டாம் என்கிறேன். இந்த மூவரும் ஏழெட்டு வருஷமாகச் சேர்ந்து ஒரு பூட்டைச் செய்தவர்கள். ஒருவருடைய முகத்தை மற்றவர் கண்டதில்லை. சம்பளம் இல்லை. ஒருவர் விட்ட பிழையை மற்றவர் நடுச்சந்தியில் நின்று சொல்கிறார், சொல்லப்பட்டவர் ‘ஓம், சரி’ என்று நடுச்சந்தியிலேயே திருத்துகிறார். கல்முனை எங்கே இருக்கிறது என்று மூவரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை. காலையில் எழும்பிப் பல் தீட்டுவதற்கு முதல் நான் கம்பியூட்டரைப் பார்ப்பேன். நான் உறங்கிய நேரத்தில் பூமியின் மறுபக்கத்தில் யாரோ ஒருவர், அபுல் ஹஸன் என்ற பெயரைக் கேள்விப்படாமலே, அவருக்காக ஒரு வரி எழுதி வைத்திருப்பார். நான் வாயைத் திறந்தபடி இருப்பேன். செல்லத்தங்கம் ஒருநாள் வந்து, “வாயப் பூட்டுங்க, இலையான் போகப் போகுது” என்றாள்.

நிரல் ஓடத் தொடங்கியது. சுபைறா தட்டெழுத்துப் பலகைக்கு மேல் துவாயைப் போர்த்து, அதற்குக் கீழே கையை விட்டுக் கடவுச்சொல்லை அடித்தாள். நான் முற்றத்தில் நின்றேன். ஆனால் என் கம்பியூட்டர் என் வயதுக்கு ஏற்ற கம்பியூட்டர். ஒரு அடி வைக்க ஒரு செக்கன் எடுத்தது. கணக்குப் பார்த்தால் முழு டிஸ்க்கையும் நடந்து முடிக்க இரண்டரை வருஷம். இடையில் கறண்ட் போகாவிட்டால்.

அடுத்த வெள்ளிக்கிழமை அபுல் ஹஸன் என் வீட்டுக்கே வந்தார். திரையில் நகர்ந்துகொண்டிருந்த எண்களைப் பார்த்தபடி நின்றார்.

“அண்ணன், இது தேடுதா?”

“ஓம் ஹஸன், தேடுது.”

“எவ்வளவு காலம் போகும்?”

என்னால் குறைத்துச் சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “வலை போட்டா இரிக்கத்தானே வேணும்” என்றார். கொஞ்சம் நின்று, எண்களைப் பார்த்தபடியே, “ஆனா அண்ணன், அதுக்குள்ள மச்சமும் போயிட்டெண்டா?” என்றார்.

அதை நான் குழுவுக்கு அப்படியே எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. நான் எழுதியவற்றில் அதுதான் ஆகச் சின்னக் கடிதம்.

மறுநாள் காலை நத்தையிடமிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. “டிஸ்க்கைப் பிரித்தவரிடம் எந்த இடத்தில் பிரித்தார் என்ற எண்ணைக் கேட்காதீர்கள். எண்ணை எப்படித் தீர்மானித்தார் என்று கேளுங்கள்.”

நான், கட்டாரிலிருந்த றஊப், கடைக்காரர், ஆண்கள் மூவரும் சுபைறாவிடம் ஏற்கெனவே எத்தனையோ தடவை எண்ணைக் கேட்டிருந்தோம். அவள் ஞாபகமில்லை என்று சொல்லியிருந்தாள். ஆண்களுக்குத்தான் பெரிய பங்கு ஒதுக்கியிருப்பாள் என்று நாங்களே முடிவெடுத்து, டிஸ்க்கின் பின்பாதியில் இருந்து தேடவும் தொடங்கியிருந்தோம். இப்போது நத்தையின் கேள்வியைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

“அது தெரியுமே. கல்யாண ஊட்டுல திரச்சீல எங்க கட்டுற? அங்கதான் கட்டின.”

“எங்ககா கட்டுற?”

“மூணுல ஒரு பங்கு ஆம்புளைகளுக்கு. ரெண்டு பங்கு எங்களுக்கு. ஊடு பொண்ணுட ஊடு. ஆம்புளைகள் திண்டுட்டுப் போற ஆக்கள்தானே.”

“இத ஏன் முதலே சொல்லல்ல?”

“நீங்க எல்லாரும் நம்பரத்தானே கேட்டீங்க!”

அடுப்படியில் செல்லத்தங்கம் அகப்பையை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு காரைதீவுச் சந்தி வரைக்கும் கேட்டது. இதை நீங்கள் பிரிக்கலாம், ஆனால் அதிகம் குறையாது.

நான் திரைச்சீலையின் கதையை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பிரேசில்காரர் தன் தாயின் வீட்டிலும் அடுப்படிதான் வீட்டின் பெரும்பங்கு, ஆண்கள் வாசலோடு சரி என்று எழுதினார். ஜெர்மன்காரர் “குறித்துக்கொண்டேன்” என்று மட்டும் எழுதினார். மனுசன் கல்லு என்று நினைத்தேன். பிறகு திருத்திய நிரல் வந்தது. மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து தேடும்படி மாற்றியிருந்தார். அந்த வரிக்கு மேலே, வாசிக்கிறவர்களுக்கென்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: ‘இங்கிருந்து தொடங்கவும். இலங்கையின் கல்முனைக் கரையில் கல்யாண வீட்டுத் திரைச்சீலை இந்த இடத்தில்தான் கட்டப்படும்.’ அந்த நிரலை உலகத்தில் எவர் எடுத்துப் பிரித்து வாசித்தாலும், நடுவில் எங்கள் கடற்கரைக் கல்யாணத் திரைச்சீலை ஆடிக்கொண்டிருக்கும். நான் ஏறிய கம்பங்கள் அத்தனையும் ஒருநாள் விழும். அது விழாது.

இரண்டாம் நாள், செல்லத்தங்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்த முற்பகலில், எண்கள் நின்றன. கம்பியூட்டர் ஒரு வரி சொன்னது. நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, சாரத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

சுபைறா வந்ததும் வீடு மாறிவிட்டது. யன்னல்களுக்குச் செல்லத்தங்கத்தின் சேலைகள் ஏறின. வாசலுக்கு ஒரு விரிப்புத் தொங்கியது. பகல் வேளையில் அறை இருண்டது. “அண்ணன், நீங்க உள்ளுக்கயே இரிங்க, ஏதும் பிழை வந்தாக் கேக்கோணும். ஆனா சுவரப் பாத்து இரிங்க” என்றாள். என் சொந்த வீட்டில், என் சொந்தக் கதிரையில், என் கம்பியூட்டருக்கு முதுகைக் காட்டி, வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தண்டனை வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

முதலில் சுவரில் ஒன்றுமில்லை. பிறகு திரையின் வெளிச்சத்தில் ஒரு சிவப்பு வந்தது. யாருடைய கூறைச்சேலையோ. செல்லத்தங்கம், “ஐயோ, இது நம்மட சந்திக்கடைக்காரன்ட மூத்தவளெல்லா” என்றாள். சிவப்பு போய்ப் பச்சை, பச்சை போய்ச் சரிகையின் மஞ்சள். ஒவ்வொரு நிறமும் சுவரில் வந்து விழுந்து நின்று போனது. எனக்குப் பின்னால் இரண்டு பெண்களும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சில பெயருக்குச் சிரித்தார்கள். சில பெயரை மெல்லச் சொன்னார்கள். எனக்கு எழும்பி ஓட வேண்டும் போலவும் இருந்தது, அந்தச் சுவரை விட்டு அசையக் கூடாது போலவும் இருந்தது.

“காக்காவக் கூப்பிடுங்க” என்றாள் சுபைறா.

சுபைறாவுக்குப் பின்னாலேயே வந்த அபுல் ஹஸன் முற்றத்தில்தான் நின்றிருந்தார். விரிப்பை விலக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்த சத்தம் கேட்டது. சுபைறா, “மற்றப் படங்கள்ல வேற ஆக்கள் இரிக்காங்க காக்கா. இதுல மட்டும்தான் தனிய” என்றாள். பிறகு அவளும் செல்லத்தங்கமும் அடுப்படிக்குப் போனார்கள். நானும் எழும்பப் பார்த்தேன்.

“இரிங்க அண்ணன்” என்றார் அவர்.

இருந்தேன். சுவரில் ஒரு இளம்நீலம் விழுந்திருந்தது. அவர் திரைக்கு முன்னால் போனதும், நீலத்துக்கு நடுவில் அவருடைய நிழல் பெரிதாக எழும்பியது. கன நேரம் அது அசையவில்லை. அழுகிறாரோ என்று காதைக் கூர்மையாக்கினேன். ஒரு சிரிப்புத்தான் வந்தது, தொண்டைக்குள்ளேயே.

“இடப்பக்கம் அண்ணன்.”

“என்ன?”

“மச்சம். இடப்பக்கத்துல இரிக்கி. நான் இவ்வளவு காலமும் பிழையான கன்னத்தயே பாத்துக்கொண்டு இருந்திருக்கன்.”

வாயைத் திறந்தால் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. சுவரில் அந்த நிழல், திரையில் இருந்த முகத்தை நோக்கி ஒரு கையை உயர்த்தியது. கை நீண்டு, விரல்கள் விரிந்து, நீலத்தின் ஓரம் வரைக்கும் போய், தொடாமல் அங்கேயே நின்றது.